கடலுக்காக வாதாடுவது யார்?

கடலைக் காக்கச் சட்டம் வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்துக் கிடையாது. கடற்பசுவைக் கொன்று கூறுபோட்டு விற்பவனுக்காகவோ, வெடி வைத்துப் பவளப் பாறையைத் தகர்ப்பவனுக்காகவோ நாம் பரிந்து பேச வரவில்லை. நாம் கேட்பது வேறு. அந்தச் சட்டத்தைக் கையிலேந்தி நீதிமன்றத்தில் எழுந்து நிற்கிறாரே அரச சட்டத்தரணி, அவர் யாருக்காக நிற்கிறார்? கடலுக்காகவா? கடலை நம்பி வாழும் மக்களுக்காகவா? அல்லது அவ்வப்போது ஆட்சிக் கட்டிலில் அமரும் அமைச்சருக்காகவா?

இக்கேள்வியைக் கொழும்பின் மாடிக் கட்டடங்களிலிருந்து கேட்டால் அது வெறும் சட்டப் பிரச்சினையாகவே தோன்றும். புத்தளம் மாவட்டத்துக் கரையோரக் கிராமமான பள்ளிவாசல்துறையிலிருந்து கேட்டுப் பாருங்கள். அது சோற்றுப் பிரச்சினை என்பது அப்போது புலனாகும்.

பள்ளிவாசல்துறை கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ள ஊர். குடாநாட்டின் ஒரு பக்கம் பெருங்கடல். மறுபக்கம் புத்தளம் களப்பு. முஸ்லிம்கள், கத்தோலிக்கர், தமிழர், சிங்களவர் என்று பல சமூகத்தவரும் அந்த நீரைப் பகிர்ந்து வாழும் நிலம் இது. 1990இல் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும் பகுதியினருக்கு அடைக்கலம் கொடுத்ததும் இந்தப் புத்தளம் மண்தான். இக்குடாநாட்டுக்கு அப்பால் கடலுக்கடியில் ‘பார் ரீஃப்’ என்னும் பவளப் பாறைத் தொகுதி பரந்து கிடக்கிறது. 1992இல் அது கடற் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பரப்பு 300 சதுர கிலோமீற்றருக்கும் மேல். 1998இல் கடல் நீர் சூடேறியபோது அங்கே ஆழங்குறைந்த பகுதிகளிலிருந்த பவளம் பெரும்பாலும் மாண்டது. பல ஆண்டுகள் எடுத்து மெல்லத் தளிர்த்து வந்த அதனை 2016இல் வந்த வெப்பம் மீண்டும் வெளுக்க வைத்தது. அந்த வெப்பத்தை மூட்டியவன் தோணிக்காரன் அல்லன். அதே குடாநாட்டில், நுரைச்சோலையில், 900 மெகாவாற்று நிலக்கரி அனல் மின்நிலையத்தை எழுப்பியது அரசு. அதன் முதற் பிரிவு 2011இல் இயங்கத் தொடங்கியது. கடலில் சரணாலயம், கரையில் நிலக்கரி! இரண்டுக்கும் முத்திரை குத்தியது ஒரே அரசு என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

இனி, சட்டம் கரைக்கு வரும் விதத்தைப் பார்ப்போம். வெள்ளையராட்சிக் காலத்தில், 1937இல், பிறந்தது தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். 1996இல் வந்தது கடற்றொழில் நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டம். தடை செய்யப்பட்ட வலையோடு ஒருவன் பிடிபட்டால் வலையும் தோணியும் இயந்திரமும் அதிகாரிகளின் கைக்குப் போகின்றன. நீதவான் நீதிமன்றத்தில் வழக்கைக் கொண்டு நடத்துபவர் பெரும்பாலும் திணைக்கள அதிகாரி அல்லது பொலிசார். சட்டமா அதிபர் திணைக்களத்துச் சட்டத்தரணி மேல்நிலை மன்றங்களிலேதான் கண்ணுக்குத் தெரிகிறார். வடக்கும் கிழக்கும் தவிர்ந்த மாகாணங்களில் நீதிமன்றப் பதிவு மொழி சிங்களம். தமிழ் பேசும் மீனவனுக்கு மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையை அரசியலமைப்பு வழங்குகிறது. ஆனால் உரிமை ஏட்டிலிருப்பது வேறு, குற்றவாளிக் கூண்டில் நிற்பவனின் காதுக்கு எட்டுவது வேறு. ஒவ்வொரு தவணையும் அவனுக்கு ஒரு நாள் தொழில் இழப்பு. இறுதியில் அவன் என்ன செய்வான்? குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப் பணத்தைக் கடன் வாங்கிக் கட்டுவான். புள்ளிவிபரத்தில் அது ‘வெற்றிகரமான வழக்கு’. கடலுக்கு அதனால் விளைந்தது என்ன என்று யாரும் கேட்பதில்லை.

தங்கூசி வலை கடலிலே முளைப்பதில்லை. எங்கோ ஓர் ஆலையில் அது பின்னப்படுகிறது. யாரோ ஒரு வர்த்தகர் அதை நாட்டுக்குள் கொண்டுவருகிறார். யாரோ ஒரு முதலாளி அதைக் கடனுக்குக் கொடுத்து, பிடிபடும் மீனைத் தான் வைத்த விலைக்கு வாங்கிக்கொள்கிறார். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் தொங்குபவனே மீனவன். சட்டம் பற்றியிழுப்பதோ அந்தக் கடைசிக் கண்ணியை மாத்திரம்! சங்கிலியின் மறுமுனையைத் தேடி அரச சட்டத்தரணியின் குறுக்கு விசாரணை எப்போதாவது நடந்ததுண்டா?

இறால் பண்ணைகளின் கதையையும் நினைவூட்டுகிறோம். 1980களிலும் 90களிலும் புத்தளம் மாவட்டத்தின் களப்போரமெங்கும் கண்டல் காடுகள் வெட்டப்பட்டு இறால் குளங்கள் தோண்டப்பட்டன. அந்நியச் செலாவணி வருகிறது என்று ஆட்சியாளர் அதற்குப் பந்தல் போட்டு வரவேற்றனர். அனுமதி பெற்றவை சில, பெறாதவை பல. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியதும் போட்ட முதலை எடுத்தவர்கள் போய்விட்டார்கள். உப்பேறிய குழிகளும் மீன்குஞ்சுக்கு நிழலற்ற களப்பும் ஊருக்கு மிஞ்சின. ஒரு கடலட்டைக்குக் கணக்குக் கேட்கும் சட்டம், ஒரு கண்டற் காட்டுக்குக் கணக்குக் கேட்கத் தயங்கியது ஏன்?

விடை எளிது. கீழ் மன்றத்தில் இயற்கையின் பாதுகாவலனாக வந்து நிற்கும் அதே அரசு, மேல் மன்றத்தில் இயற்கையை அழிக்கும் அனுமதிப் பத்திரத்தின் பாதுகாவலனாக வந்து நிற்கிறது. இரண்டு இடத்திலும் அதற்காக வாதாடுவது ஒரே திணைக்களம்.

உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. எப்பாவலைப் பொசுபேற்றுப் படிவை வெளிநாட்டு மூலதனத்துக்கு ஒப்படைக்க முயன்றபோது வழக்குத் தொடுத்தவர்கள் அப்பகுதி மக்கள். எதிர்மனுதாரர் வரிசையில் இருந்தவர் அமைச்சின் செயலாளர். இயற்கை வளங்களுக்கு அரசு உடைமையாளன் போல நடக்க முடியாது, மக்களுக்குப் பொறுப்புள்ள பாதுகாவலன் அது என்று 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் கூறியது. அந்தத் தீர்ப்புக்கு 24 ஆண்டுகளின் பின், 2024 மே மாதத்தில், புத்தளத்துக்கு வடக்கே மன்னாரிலுள்ள விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கத்திலிருந்து 168 ஹெக்டயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று கழித்துவிட வர்த்தமானி வெளியிட்டார் பொறுப்பான அமைச்சர். வனசீவராசிகளைக் காக்க வேண்டிய அமைச்சரே வெளியிட்டார்! சூழல் ஆர்வலர்கள் உயர் நீதிமன்றம் சென்று இடைக்காலத் தடை பெறவேண்டியதாயிற்று. கற்பிட்டியை அண்டிய 14 தீவுகளை உல்லாசப் பயண வலயமாக்கும் திட்டம் வந்தபோதும், வாடி அடிக்கவும் வலை உலர்த்தவும் இடமிழக்கப்போகும் மீனவர்களே வீதியில் இறங்க நேர்ந்தது. இத்தகைய போராட்டங்கள் மன்றமேறும்போது அரச சட்டத்தரணியின் நாற்காலி எந்தப் பக்கம் போடப்பட்டிருக்கும்?

அரசியலமைப்பையும் புரட்டிப் பார்ப்போம். சுற்றாடலை அரசு பாதுகாத்துப் பேணி மேம்படுத்த வேண்டும் என்கிறது 27ஆம் உறுப்புரையின் 14ஆம் பந்தி. அழகான வாசகம்! இரண்டு உறுப்புரை தள்ளி, 29இல், அந்த வாசகங்களை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்று பூட்டுப் போட்டிருக்கிறார்கள். இலையை விரித்துச் சோற்றையும் படைத்துவிட்டு, கையைக் கட்டிப்போட்ட கதைதான்.

மனுநீதிச் சோழன் கதையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் எல்லோரும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். அக்கதையின் உயிர் மணியில் இல்லை. குற்றவாளி தன் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தும் அரசன் பின்வாங்காததில் இருக்கிறது. இன்றைய அரசுக்கும் பிள்ளைகள் உண்டு: அமைச்சு, அதிகார சபை, கூட்டுத்தாபனம், முதலீட்டாளருடன் செய்த உடன்படிக்கை. தேர் ஓட்டியது அந்தப் பிள்ளையாக இருந்தால் அவனுக்காக வாதாட அரச செலவில் சட்டத்தரணி வருகிறார். நிலத்துப் பசுவுக்காவது மணிக்கயிறு எட்டியது. கடற்பசு எந்தக் கயிற்றை இழுக்கும்?

எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலின் கதையை மறந்துவிட முடியாது. 2021 மே மாதத்தில் 1,486 கொள்கலன்களுடனும் அவற்றுள் 25 தொன் நைத்திரிக் அமிலத்துடனும் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றியது, ஜூனில் அமிழ்ந்தது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் அதில் இருந்தன. புத்தளம் மாவட்டக் கரைகளிலும் அவை வந்து ஒதுங்கின. 2023 ஏப்ரலில் சட்டமா அதிபர் சிங்கப்பூரில் நட்டஈட்டு வழக்குத் தாக்கல் செய்தார். அதே ஆண்டு இலண்டன் நீதிமன்றம் கப்பல் உரிமையாளரின் பொறுப்பை ஏறத்தாழ 1.9 கோடி பவுணுக்குள் வரையறுத்தது. ஆயினும் 2025 ஜூலை 24இல் கொழும்பு உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் நட்டஈடு விதித்தது. எந்த வழக்கில்? அரசு தொடுத்த வழக்கிலன்று. சூழல் இயக்கத்தினரும் மீனவர்களும் மதத் தலைவர்களும் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில்! அதில் அரச அமைப்புகளும் எதிர்மனுதாரர்களாக நின்றன. அரச தரப்பின் தவறுகளையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. கப்பல் நிறுவனம் அந்தப் பணத்தைத் தர மறுத்தது. இங்கே ஒப்பிட்டுப் பாருங்கள்: வலைக்காரன் தண்டத்தைக் கட்ட மறுத்தால் சிறை, கப்பற்காரன் மறுத்தால் பத்திரிகைப் பேட்டி!

ஆனால் தீர்ப்பு ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று மயங்குவதும் பிழை. பாக்கு நீரிணைக்கு அப்பால் நடந்தது நமக்குப் பாடமாகட்டும். தமிழ்நாட்டுக் கரையின் இறால் பண்ணைகளை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் இந்திய உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பரில் கடற்கரை ஒழுங்காற்று வலயத்திலுள்ள பண்ணைகளை அகற்றுமாறு தீர்ப்பு வந்தது. உழைப்பாளர் மகிழ்ந்தனர். 2005இல் இந்தியப் பாராளுமன்றம் கரையோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகார சபைச் சட்டத்தை இயற்றி அந்தத் தீர்ப்பின் முதுகெலும்பை முறித்துப் போட்டது. மன்றத்தில் தோற்ற மூலதனம் பாராளுமன்றத்தில் வென்றது. மக்கள் இயக்கம் விழித்திராவிடில் தீர்ப்பும் காகிதமே.

“அரச சட்டத்தரணி அரசுக்காகத்தானே வாதாட வேண்டும்? வழக்காளியைக் கைவிடும் சட்டத்தரணி உண்டா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அத்திணைக்களத்தில் நேர்மையோடு உழைப்பவர்கள் பலர் உண்டு; தனி மனிதரை நாம் குறை கூறவில்லை. ஆனால் அரசு என்பது அமைச்சரவையா, மக்களா? ஆட்சி மாறும்; அமைச்சர் போவார்; களப்பு இருக்கும். பாதுகாவலன் தன் பொறுப்பை மறந்தால் அவனுக்கெதிராகவே வழக்குத் தொடரும் அதிகாரம் ஒருவரிடம் இருக்க வேண்டும். இது வெறுங்கனவன்று. பிரேசில் நாட்டில் 1985இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் சூழலுக்காகப் பொது வழக்குத் தொடரும் அதிகாரத்தை அரச வழக்குத்தொடுநருக்கு அளித்தது. 1988இன் அரசியலமைப்பு அவர்களை ஆட்சியாளரின் பிடியிலிருந்து விடுவித்துச் சுதந்திரமான அமைப்பாக்கியது. அங்கே அவர்கள் கம்பனிகளை மட்டுமல்ல, அரசையே மன்றத்துக்கு இழுக்கிறார்கள். அரசை அரச வழக்குரைஞரே கேள்வி கேட்பதால் அங்கே வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

ஆகவே நாம் கோருவது இதுதான். கடலுக்கும் காட்டுக்கும் வாதாடும் அரச சட்டத்தரணிகள் தனியானதொரு சுதந்திர அமைப்பின் கீழ் வரவேண்டும். அமைச்சருக்காக வாதாடும் பணி வேறு கையிலிருக்க வேண்டும். வலை பிடிபட்டால் அதை இறக்கியவனையும் விற்றவனையும் தேடி வழக்கு மேலேற வேண்டும். மீனவனின் வாக்குமூலம் அவன் பேசும் மொழியிலேயே கேட்கப்பட வேண்டும். கடலழிவுக்கு வரும் நட்டஈடு திறைசேரியின் ஆழத்தில் மறையாது கரையோர மக்களின் சங்கங்களுக்குக் கணக்கோடு வந்து சேர வேண்டும். 27ஆம் உறுப்புரைக்கு இட்ட பூட்டுத் திறக்கப்பட வேண்டும்.

ஆசிரிய அன்பர்களே, மாணவ நண்பர்களே! சட்டக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் கறுப்பு அங்கியின் கம்பீரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நாளை நீ அரச சட்டத்தரணியாகிப் பள்ளிவாசல்துறை மீனவனுக்கு எதிரே நிற்கும்போது, அவனிடம் வலைக்குக் கணக்குக் கேட்கும் அதே குரலில், களப்பை விற்ற அமைச்சரிடமும் கணக்குக் கேட்பாயா? ‘கேட்பேன்’ என்று சொல்லும் துணிவை ஊட்டுவது நம் வகுப்பறைகளின் கடமை. அப்படிக் கேட்டவன் பதவியிழக்காதபடி அவனுக்குப் பின்னால் திரண்டு நிற்பது மக்கள் இயக்கத்தின் கடமை.