பழைய தையல் மிஷினை எடைக்குப் போடலாமா?



பழைய கால் மிஷின் ஒன்றை இரும்புக் கடைக்காரர் எப்படிப் பார்க்கிறார்? ஹெட் பத்துக் கிலோவுக்கு மேல், வார்ப்பு ஸ்டாண்டு இருபது கிலோவுக்குக் குறையாது, ஆக இத்தனை ரூபாய் என்று பார்க்கிறார். உக்கடத்தில் எடை போட்டால் அங்கிருந்து பவுண்டரி உலைக்குப் போய்விடும். பம்ப்செட்டு வார்க்கிற நம் ஊரில் வார்ப்பிரும்புக்கு என்றும் கிராக்கிதான். ஆனால் ஓடக்கூடிய மிஷினை உருக்கக் கொடுப்பது, கறவை மாட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளுவது போலத்தான். உதிரி பாகங்களை மொத்தமாக விற்கிற எங்களுக்கு இதில் ஆதாயம் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆதாயம் உங்களுக்கும் உண்டு என்பதைச் சொல்லவே எழுதுகிறோம்.

நம் பக்கத்து வீடுகளில் ஒரு காலத்தில் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த மிஷின்கள் இவை. ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் ஆலையில் செய்த சிங்கர் உண்டு. கல்கத்தா உஷா உண்டு. லூதியானா மிஷின்கள் உண்டு. கிளைடுபேங்க் ஆலை 1980இல் மூடப்பட்டது. இருந்தாலும் அந்தச் சிங்கரின் 15ஆம் வகை மாடலைப் பின்பற்றியே நம் நாட்டுக் கம்பெனிகள் வீட்டு மிஷின் செய்ததால், ஊசி, பாபின், பாபின் கேஸ் எல்லாம் இன்றும் கடையில் கிடைக்கின்றன. மூடிய ஆலையின் சரக்குக்கு இப்படிப் பாகம் கிடைப்பது வேறு எந்தப் பொருளில் உண்டு?

ஸ்டாண்டு உடைந்தோ, வீட்டில் இடமில்லாமலோ வெளியே வருகிற ஹெட்டுகளைக் கை மிஷினாக மாற்றலாம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வீலுக்குக் கீழே தூணில் மோட்டார் மாட்டுகிற மேடும் துளையும் இருந்தால், கைப்பிடி செட்டை அங்கே போல்ட்டில் முடுக்கிவிடலாம். செட்டின் விரல், வீலின் ஆரக்கால்களுக்கு நடுவே புகுந்து அதைச் சுழற்றும். வீல் தட்டையாக மூடியிருந்தால் ஆரக்கால் வீல் மாற்ற வேண்டும். அப்போது தண்டின் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். துளை இல்லாத பழைய ஹெட்டுக்கு லேத் பட்டறையில் துளை போட்டு மரை வெட்டித் தருவார்கள். கீழே ஒரு மரப்பெட்டி வேண்டும். அவ்வளவுதான். சிங்கர் கைப்பிடியில் ஒரு சுற்றுக்கு மூன்று தையல் விழும்.

சுத்தம் செய்வதில்தான் பொறுமை வேண்டும். வீட்டில் தேங்காய் எண்ணெய் விட்டு விட்டு உள்ளே பிசினாக இறுகியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊற வைத்து இளக்கி, துடைத்து, பிறகு மிஷின் ஆயில் விட வேண்டும். தின்னர் பட்டால் தங்க எழுத்தும் பூவும் போய்விடும். அதோடு பாதி விலையும் போய்விடும்.

இதை யார் வாங்குவார்கள் என்று கேட்பீர்கள். திருப்பூர் கம்பெனி வேலைக்கு இது ஆகாது. ஒரு கை கைப்பிடிக்குப் போனால் துணியை மறு கையால்தான் தள்ள வேண்டும், வேகமும் வராது. ஆனால் காலால் மிதிக்க முடியாதவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! போலியோ ஒழிந்த நாடு என்று 2014இல் சான்று பெற்றோம். அதற்கு முன் கால் பாதிக்கப்பட்டவர்கள் இன்னும் உழைக்கிற வயதில் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு மோட்டார் பொருத்திய மிஷின் தருகிறது, நல்ல திட்டம். ஆனால் 2012இல் பாதி நாளுக்கு மேல் கரண்டு இல்லாமல் நாம் பட்ட பாட்டை மறக்க முடியுமா? முட்டி வலிக்காரர்கள், லைன் வீட்டில் ஒற்றை அறையில் குடியிருப்பவர்கள், தையல் பழகும் பிள்ளைகள் எல்லோரும் கை மிஷினுக்கு ஆள்தான்.

இயந்திரத்தை எதிர்த்தவர் என்று பெயர் பெற்ற காந்தியடிகள்கூட, 1924இல் ஜி. ராமச்சந்திரன் கேட்டபோது சிங்கர் மிஷினுக்கு விலக்கு அளித்தார். கேட்ட அந்த இளைஞர்தான் பின்னாளில், 1947இல், சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தம் துணைவியார் சௌந்தரம் அம்மையாருடன் தொடங்கியவர். இங்கிலாந்தில் 'டூல்ஸ் ஃபார் செல்ஃப் ரிலையன்ஸ்' என்ற அமைப்பு, பழைய கருவிகளோடு தையல் மிஷின்களையும் தொண்டர்களைக் கொண்டு பழுது நீக்கிப் பல ஆண்டுகள் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி வந்திருக்கிறது. அவர்கள் தர்மமாகச் செய்ததை நாம் வியாபாரமாகவே செய்யலாம்.

ஆனால் வியாபாரம் நாணயமாக இருக்க வேண்டும். லோக்கல் ஹெட்டுக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, "ஒரிஜினல் சிங்கர், நூறு வருஷத்துச் சரக்கு" என்று தலையில் கட்டுகிற வழக்கம் பரவுகிறது. 1900க்குப் பிறகு வந்த சிங்கரில் எண்ணுக்கு முன் ஆங்கில எழுத்து பொறித்திருக்கும்; அதைப் பார்த்தே வாங்குங்கள், காட்டியே விற்றுக் கொடுங்கள். மாற்றிய பாகம் எது, பழைய பாகம் எது என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். கைப்பிடிக்காரர் கண் முன்னால் ஒரு முழம் துணி தைத்துக் காட்டிய பிறகே பணம் வாங்குங்கள். ஒரு முறை ஏமாந்தவர் பத்துப் பேரிடம் சொல்வார். அதன் பிறகு நல்ல சரக்கும் விலை போகாது.

ஜி.எஸ்.டி. பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பொருள் வாங்கி விற்பவர், வாங்கியதற்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்காமல் இருந்தால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்ட விதி இருக்கிறது. பொருளின் தன்மை மாறாத சிறு வேலை செய்திருந்தாலும் இது பொருந்தும். கைப்பிடி மாட்டுவது அந்தக் கணக்கில் வருமா என்பதை ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக, எங்களை உறுத்துகிற விஷயம். ஹெட்டின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்கிற மெக்கானிக்குகள் வயதாகி ஒவ்வொருவராக ஓய்ந்து வருகிறார்கள். பாகம் கிடைக்கும், மிஷினும் கிடைக்கும். பூட்டத் தெரிந்த கை கிடைக்காது. எனவே நம் சங்கம் இரண்டு காரியம் செய்ய வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி வட்டாரத்தில் இந்த வேலை தெரிந்தவர்களின் பட்டியலை எடுத்து உறுப்பினர்களுக்குத் தர வேண்டும். ஒவ்வொருவரிடமும் ஓர் இளைஞரைச் சம்பளத்தோடு விட்டுப் பழக்க, இத்தொழிலில் உள்ள நாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். முதல் பங்கை நாங்கள் தரத் தயாராக இருக்கிறோம். வரும் ஆயுத பூஜைக்கு முன் சங்கம் இதை எடுத்துக்கொள்ளட்டும். அதுவரையில் எடைக்கு வருகிற ஹெட்டை ஒருமுறை கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத் தராசில் வையுங்கள்.