ஒரே மருந்து, ஒரே வரிசை?

"ஆஸ்திரேலிய அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் எல்லாருக்கும் ஒன்றுதான், சிட்னி ஹரிஸ் பார்க்கில் நம் மொழி பேசும் டாக்டர்களும் உண்டு, பிறகு பண்பாட்டுக்கேற்ற மருத்துவம் என்று தனிச் சலுகை எதற்கு?" இதுதான் வாதம்.

முதலில், மெடிகேர் எல்லாருக்கும் இல்லை. இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் வந்தவருக்கு அது கிடையாது, தனியார் காப்பீடுதான். ஹரிஸ் பார்க் வாடகை வீடுகளில் இருப்பவர்கள் யாரென்று நினைத்தீர்கள்?

இரண்டு. சலுகையா? ஆஸ்திரேலியாவின் சர்க்கரை நோய் அபாயக் கணக்கீட்டில் ஆசிய வம்சாவளி ஆணுக்கு 90 செ.மீ. இடுப்பளவிலேயே புள்ளி ஏறுகிறது, மற்றவர்களில் பெரும்பாலோருக்கு 102இல். எல்லாருக்கும் 102 என்று வைத்தால் சமத்துவம் வரும், நம்மாளுக்கு நோய் தாமதமாகத்தான் தெரியும்.

மூன்று. "மகன் மொழிபெயர்ப்பானே!" மாதவிடாய் நின்று பல வருடம் கழித்து வந்த ரத்தப்போக்கை எந்த அம்மா மகன் வாயால் சொல்லவைப்பாள்? "வயித்து வலி" என்பாள். டாக்டரும் வயிற்றைத்தான் பார்ப்பார். 131 450க்கு அழைத்தால் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். மெடிகேர் நோயாளிக்காக குடும்ப டாக்டர் (ஜி.பி.) அழைத்தால் கட்டணமும் இல்லை. அழைக்காததற்குச் சாக்கு, நேரமில்லையாம்.

நான்கு. நம் மொழி டாக்டர். எந்த மொழி? இந்தி பேசுகிறவர் யாழ்ப்பாணத்துப் பாட்டிக்கு எப்படி நம்மவர்? தமிழே பேசினாலும், கையில் கொடுக்கும் உணவுத்தாளில் பாஸ்தாவும் பிரெட்டும் மட்டும் இருந்தால், காலைப் புட்டை எவ்வளவு குறைப்பதென்று பாட்டி யாரிடம் கேட்பார்?