குடலுக்கும் ஒரு காவற்றுறை

ஊர்காவற்றுறை என்னும் பெயரிலேயே பொருள் இருக்கிறது: ஊரைக் காக்கும் துறை. முகப்பிலே கடற்கோட்டை, அதனைக் கடந்தே கலங்கள் உள்ளே வரவேண்டும். நமது பெருங்குடலின் உட்சுவரிலும் இத்தகைய காவல் ஒன்று உண்டு என்றால் வாசகர்கள் வியப்படையலாம். பெருங்குடற் புற்றுநோய்களிற் பெரும்பாலானவை அக்காவல் அழிவதிலேதான் தொடங்குகின்றன.

உடலின் நுண்ணிய உயிர்ப்பகுதியை நமது பாடநூல்கள் கலம் என்கின்றன. மரக்கலத்துக்கும் அதுவே பெயர். தீவகத்து மாணவர் இச்சொல்லை எளிதில் மறக்கமாட்டார். குடற்சுவரிலே இலட்சக்கணக்கான சிறு குழிகள் உள. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில தாய்க்கலங்கள் ஓயாது பிளந்து புதுக்கலங்களைத் தருகின்றன. பிறந்தவை மெல்ல மேலேறி, முதிர்ந்து, நாலைந்து நாட்களில் உதிர்ந்துவிடுகின்றன.

பிளக்கும்படி தாய்க்கலத்துக்கு அறிவிப்பது விண்ட் என்னும் புரதம். அயலிலுள்ள கலங்கள் அதனைச் சுரக்க, அது தாய்க்கலத்தின் மேற்புறத்தில் வந்து பற்றுகிறது. வாசலுக்குக் கடிதம் வந்தது போல என்று கொள்வோம். கலத்தினுள்ளே பீட்டா-கட்டெனின் என்ற வேறொரு புரதம் எந்நேரமும் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. கடிதம் வராத வேளையில், ஏ.பி.சி. என்னும் காவற்புரதம் தன் துணைவர்களுடன் அதனைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடும். கடிதம் வந்துவிட்டால் காவல் தளரும். பீட்டா-கட்டெனின் பெருகிக் கருவினுள் நுழைந்து, பிளவுக்கு வேண்டிய பரம்பரையலகுகளை முடுக்கிவிடும். மேலேறிவிட்ட கலத்தை விண்ட் எட்டுவதில்லை. ஆகவே அது பிளவை நிறுத்தித் தன் தொழிலைப் பார்க்கிறது.

பெருங்குடற் புற்றுக்கள் பத்தில் ஏறக்குறைய எட்டில், ஏ.பி.சி.யை ஆக்கும் பரம்பரையலகு பழுதுபட்டிருக்கிறது. காவலன் இல்லை, கடிதம் வராமலே, வந்துவிட்டதாகக் கலம் நடந்துகொள்கிறது! உதிரவேண்டியது உதிராமல் நின்று பெருகுகிறது. முதலில் அது ஒரு சிறு முளை மாத்திரமே. வேறு பழுதுகளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, அது புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டு வரையிற் செல்லும். சில குடும்பங்களில் இப்பழுது பிறப்பிலேயே வருகிறது. அவர்களுக்கு இளமையிலேயே நூற்றுக்கணக்கான முளைகள் தோன்றும். அத்தகைய குடும்பங்களை ஆராய்ந்தே 1991 ஆம் ஆண்டில் ஏ.பி.சி.யைக் கண்டறிந்தார்கள்.

விண்ட் என்ற பெயரின் வரலாற்றில் நமது அயல்நாட்டுக்கும் பங்குண்டு. புது டில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சர்மாவும் சோப்ராவும், சிறகில்லாத ஒரு வகைப் பழ ஈயைப் பற்றி 1976 இல் எழுதினார்கள். 1982 இல் அமெரிக்காவிலே நுஸ்ஸேயும் வார்மசும் எலியின் மார்பகப் புற்றில் 'இன்ட்' என்ற பரம்பரையலகைக் கண்டார்கள். இரண்டும் ஒன்றே என்பது 1987 இல் தெளிவாயிற்று. சிறகின்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் 'இன்ட்' என்பதையும் இணைத்து விண்ட் என்றனர். ஈயின் சிறகை ஆராய்வது வீண்வேலை என்று அன்று யாரேனும் நகைத்திருந்தால், அவர் இன்று என்ன சொல்வாரோ!

அப்படியானால் விண்டையே மருந்தினால் அடக்கிவிடலாகாதா என்று மாணவர் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். ஆனால், ஆரோக்கியமான குடலுக்கும் எலும்புக்கும் அதே செய்தி வேண்டும். அத்தகைய மருந்துகளைச் சோதித்தபோது சிலருக்கு எலும்பு முறிவு நேர்ந்தது. மேலும், காவலனே இல்லாத கலத்திற் கடிதத்தைத் தடுத்து ஆவதென்ன?

ஆதலால், முளையை முளையாக இருக்கும்போதே கண்டு அகற்றுவதுதான் இன்று கைகண்ட வழி. குடலுட்காட்டி என்னும் கருவியால் அதனைச் செய்கிறார்கள். மலத்தோடு இரத்தம் போனால் மூலம் என்று தாமே முடிவுசெய்து கைமருந்து தேடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. மூலமாகவும் இருக்கலாம், ஆனால் அதனை வைத்தியர் பார்த்தல்லவா சொல்லவேண்டும்? மலப்போக்கு வாரக்கணக்கில் மாறியிருந்தாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும், சோகை கண்டாலும் அவ்வாறே. நெடுந்தீவார்க்குக் குறிகட்டுவான் வரை ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகுப் பயணம். பின்னர் புங்குடுதீவு, வேலணை வழியாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நெடுவழி. முதியவர்கள் தயங்குவது நமக்கு விளங்காமலில்லை. கடல் கொந்தளிக்காத ஒரு காலை பார்த்து, வீட்டிலுள்ள இளையவர் யாரேனும் கூடப் போகலாம். நோய் உறுதியானால் தெல்லிப்பழையிலே புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பலர் கூடி நடந்து திரட்டிய பணத்தில் எழுந்தது அது.