மீதாக்சி எந்தப் பக்கம்?

எலக்ட்ரானைத் தரும் தொகுதி பென்சாயிக் அமிலத்தின் வலிமையைக் குறைக்கும், இழுக்கும் தொகுதி கூட்டும். தேர்வுக்கு இது போதும், வளையத்தில் தொகுதி நிற்கும் இடத்தைப் பற்றிய பேச்சு வீண் சுமை என்கிறது ஒரு வாதம். போதவே போதாது.

நைட்ரோவுக்கு அந்த விதி பலிக்கிறது. பென்சாயிக் அமிலத்தின் பிகேஏ 4.20, பாராவில் நைட்ரோ ஏறினால் 3.44. எண் குறையக் குறைய அமிலம் வலுக்கும்.

மீதாக்சியிடம் வந்தால் விதி கவிழ்ந்துவிடுகிறது. பாராவில் அது உடனிசைவால் எலக்ட்ரானை வளையத்துக்குள் தள்ளுகிறது, பிகேஏ 4.47, அமிலம் மெலிகிறது. மெட்டாவில் நின்றாலோ அந்த உடனிசைவு கார்பாக்சில் இணைந்த கார்பனை எட்டுவதில்லை. ஆக்சிஜனின் இழுப்புதான் மேலோங்குகிறது, பிகேஏ 4.09, அமிலம் வலுக்கிறது. தொகுதி ஒன்றுதான், இடம்தான் வேறு! 'தருவது' என்று மனப்பாடம் செய்த பிள்ளை இங்கே என்ன எழுதும்?

ஆர்த்தோ இன்னும் கறார். எலக்ட்ரான் தரும் மெத்தில்கூட அங்கே நின்றால் 3.91. நெரிசலில் கார்பாக்சில் வளையத்தின் தளத்தைவிட்டுத் திருகிக்கொள்ள, வளையம் அதற்குத் தந்த எலக்ட்ரான் ஆதரவு குறைந்து அமிலம் வலுக்கிறது. சாலிசிலிக் அமிலத்துக்கு 2.97, பக்கத்து ஹைட்ராக்சியின் ஹைட்ரஜன் பிணைப்பு எதிர்மின் அயனியைத் தாங்கிப் பிடிக்கிறது.

தொகுதிகளின் விளைவை அளக்க 1937இல் வேதியியலாளர் ஹாமெட் தந்த சமன்பாட்டில் மெட்டாவுக்கும் பாராவுக்கும் தனித்தனி மாறிலிகள். ஆர்த்தோவுக்கு அதில் இடமில்லை. வேதியியல் ஆசிரியர்களே, விதியைச் சொல்லும் அன்றே இந்த ஆறு எண்களையும் கரும்பலகையில் எழுதிப்போடுங்கள்.