வீடு ஓடும்! இரவில் எங்கே நிற்கும்?

ஒரகடத்தில் இன்று லாரி பிறக்கிறது; பஸ் பிறக்கிறது; கார் பிறக்கிறது; மோட்டார் சைக்கிளும் பிறக்கிறது!

பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998-ம் ஆண்டில் ஹூண்டாய் கார் வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-ம் ஆண்டில் ரெனால்ட்-நிசான் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2012-ல் பாரத்பென்ஸ் லாரித் தொழிற்சாலை வந்தது. 2015-ல் அங்கேயே பஸ் தொழிற்சாலையும் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை, சக்கரம் வைத்த எதையும் செய்யத் தெரிந்த கைகள் இருக்கின்றன.

அந்தச் சக்கரத்தின் மேல் இப்போது வீடும் ஏறிவிட்டது!

சினிமாக்காரர் வண்டி

"கேரவன்" என்றால் நம் மக்களுக்கு நடிகர், நடிகைகளின் நினைவுதான் வரும். படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் அவர்கள் ஓய்வு எடுக்கும் வண்டி அது. இப்போது அதே மாதிரி வண்டியில் குடும்பத்தோடு ஊர் சுற்றலாம் என்கிறார்கள். உள்ளே படுக்கை உண்டு. அடுப்பு உண்டு. குளியல் அறையும் கக்கூசும் உண்டு. பகலில் உட்காரும் சோபா, இரவில் கட்டிலாக விரியும்.

கேரள அரசு 2021-ம் ஆண்டில் இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. அப்போது மக்களுக்குக் காட்டிய வண்டி, பாரத்பென்ஸ் பஸ்ஸின் அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டது. பாரத்பென்ஸ் வண்டிகள் தயாராகும் ஊர் ஒரகடம்! 2022-ல் இடுக்கி மாவட்டம் வாகமணில், இத்தகைய வண்டிகள் தங்குவதற்குத் தனி இடமும் திறந்தார்கள். தமிழ்நாடு அரசு 2023-ல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம் பெற்றது.

நல்லதுதான். ஆனால், ஒரு கேள்வி இருக்கிறது. வீடு ஓடும், இரவில் எங்கே நிற்கும்?

காட்டோரக் கடற்கரை

ஒரகடத்திலிருந்து புறப்படும் வண்டி, சிங்கப்பெருமாள்கோயில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்ச் சேரும். அங்கிருந்து தெற்கே திரும்பினால் கடல் கூடவே வரும். சவுக்குத் தோப்பு வரும். பனங்காடு வரும்.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம். தண்ணீரிலே வேர் ஊன்றி நிற்கும் சுரபுன்னைக் காடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரமும் இங்கே உண்டு. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது, இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைந்தது. மரம் மனிதனைக் காப்பாற்றியது!

இன்னும் தெற்கே போனால், வேதாரண்யத்தை அடுத்துக் கோடிக்கரை. 1967-ம் ஆண்டு முதல் அது சரணாலயம். வெளிமான்கள் துள்ளும். குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வரும். அதைத் தாண்டினால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு.

இவ்வளவு அழகான பாதை வேறு எங்கே இருக்கிறது? அழகு இருக்கிறது, ஆனால் அந்தி சாய்ந்தால் ஒதுங்க நல்ல இடம் அரிது.

தொட்டி நிரம்பினால்?

கேரவனுக்குள் இரண்டு தொட்டிகள் இருக்கும். ஒன்றில் நல்ல தண்ணீர். மற்றொன்றில் கழிவுத் தண்ணீர். நல்ல தண்ணீர் தீர்ந்தால் நிரப்ப வேண்டும். கழிவு நிரம்பினால் கொட்ட வேண்டும். எங்கே கொட்டுவது? முறையான இடம் இல்லாவிட்டால், இருட்டில் உப்பங்கழியில்தான் கொட்டுவார்கள். அந்தக் கழியில்தான் இறாலும் நண்டும் வளர்கின்றன. மீனவர் வீட்டு உலை அதை நம்பித்தான் கொதிக்கிறது.

காட்டுக்குள்ளேயே வண்டியை நிறுத்திப் படுக்கலாம் என்று சிலர் ஆசைப்படலாம். அது கூடாது. 1972-ம் ஆண்டு வன உயிர்ச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் நுழையவே அனுமதி வேண்டும். விளக்கு வெளிச்சமும் பாட்டுச் சத்தமும் மானுக்கும் பறவைக்கும் பகை.

ஏழையின் கேரவன்

பணம் படைத்தவர் இதற்கெல்லாம் ஏதாவது வழி தேடிக்கொள்வார். தொழிலாளி என்ன செய்வார்?

ஒரகடத்தில் பஸ்ஸுக்கு அச்சு மாட்டுகிறவர் கேரவனை வாடகைக்கு எடுக்கப் போவதில்லை. விடுமுறை வந்தால், நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடிப்பார்கள். அரிசி, பருப்பு, அண்டா, அடுப்பு எல்லாம் வேனில் ஏறும். பாட்டியும் ஏறுவாள், கைக்குழந்தையும் ஏறும். வேளாங்கண்ணி, நாகூர், ராமேசுவரம், திருச்செந்தூர் என்று கடலோரமாகவே போவார்கள். வழியில் மர நிழலில் சமைத்துச் சாப்பிடுவார்கள்.

கேரவன் என்ற பெயர் வருவதற்கு முன்பே தமிழன் கண்ட ஓடும் வீடு இதுதான்!

இதில் படும் பாடு பெண்களுக்குத்தான் தெரியும். ஒதுங்க இடம் இல்லை என்று பயந்து, தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்காமல் வருகிற தாய்மார்கள் எத்தனை பேர்! லாட்ஜில் தங்கலாம் என்றால், பதினைந்து பேருக்கு அறை எடுக்கப் பணம் ஏது? ஆகவே "ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிவிடு அப்பா" என்று டிரைவரிடம் சொல்லுகிறார்கள்.

டிரைவரும் மனிதர்தானே! மோட்டார் தொழிலாளிக்கு நாளுக்கு 8 மணி நேர வேலை என்று 1961-ம் ஆண்டிலேயே சட்டம் வகுத்தார்கள். ஆனால் வாடகை வேன் டிரைவர் பகலும் ஓட்டுகிறார், இரவும் ஓட்டுகிறார். விடியற்காலை மூன்று மணிக்குக் கண் சொக்குகிறது. மறுநாள் பத்திரிகையில் வரும் துயரச் செய்தியை எல்லோரும் படித்திருக்கிறோம்.

மன்னர் செய்தார்

இதற்கு மருந்து புதிது அல்ல. நம் முன்னோர் கண்டதுதான். அதன் பெயர் சத்திரம்!

தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேசுவரம் போகும் பாதையில் பல சத்திரங்கள் கட்டினார்கள். சரபோஜி மன்னர் 1802-ம் ஆண்டில் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தை எழுப்பினார். வழிப்போக்கருக்குச் சோறும், தங்க இடமும், நோயாளிக்கு மருந்தும் கிடைத்தன. கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் போன காலத்தில் அது நடந்தது. மோட்டார் ஓடும் காலத்தில் முடியாதா?

கடற்கரைச் சாலையில் ஒரு நாள் பயணத்துக்கு ஒன்று வீதம் சத்திரம் வேண்டும். மாளிகை வேண்டாம். மேடு பள்ளம் இல்லாத ஒரு திடல்; நல்ல தண்ணீர்; விளக்கு; பெண்களுக்குத் தனிக் கக்கூசும் குளியல் அறையும்; சமைக்க ஒரு கொட்டகை; கழிவுக்கு ஒரு தொட்டி; டிரைவர் காலை நீட்டிப் படுக்க ஒரு கூடம். இவ்வளவுதான்! கேரவனும் அங்கே நிற்கட்டும், வேனும் நிற்கட்டும். கேரவனுக்குக் கட்டணம் கூடுதல், வேனுக்குக் குறைவு. டிரைவருக்கு இலவசம்.

இடம் காட்டுக்கு வெளியே, ஊரை ஒட்டி இருக்க வேண்டும். அப்போது காடும் பிழைக்கும். ஊரில் டீக்கடையும் இட்லிக் கடையும் பிழைக்கும்.

"கட்டிவிடலாம்; யார் சுத்தம் செய்வது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பூட்டிக் கிடக்கும் கழிப்பிடங்களை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதனால் பொறுப்பை உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுவிடம் விட வேண்டும். வசூலும் அவர்களுக்கே சேர வேண்டும். சென்னையில் 2013-ல் தொடங்கிய அம்மா உணவகங்களில், சமைத்துப் பரிமாறியவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள்தான். அவர்களால் முடியாதது என்ன இருக்கிறது?

பயணிகளுக்கும் கடமை உண்டு. பிளாஸ்டிக் பையை வீசக் கூடாது. காட்டோரத்தில் அடுப்பு மூட்டக் கூடாது. எச்சில் இலையைக் கடலில் போடக் கூடாது.

வண்டி செய்யும் திறமை தமிழ்நாட்டில் இருக்கிறது. சாலை இருக்கிறது. கடலும் காடும் இருக்கின்றன. இல்லாதது, இரவில் நிம்மதியாகத் தூங்க ஓர் இடம். பல கோடியில் தொழிற்சாலை எழுப்பிய நாட்டில், ஒரு திடலும் ஒரு தண்ணீர்க் குழாயும் பெரிய காரியமா?