மூடிய கடையின் கணக்கு

புதுக் கடைத் திறப்பு விழா என்றால் நம் சங்கத்தார் சால்வையோடு போய் நிற்கிறோம். குத்துவிளக்கு ஏற்றுகிறோம், முதல் விற்பனையைத் தொடங்கி வைக்கிறோம், இதழில் படமும் போடுகிறோம். அதே கடை இரண்டு வருடத்தில் பூட்டப்பட்டால் யாரும் ஒரு வரி எழுதுவதில்லை. பூட்டியவரும் வாய் திறப்பதில்லை. கேட்டால் "இடம் ராசியில்லை" என்பார்.

சுபிக்ஷாவை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1997இல் சென்னையில் தொடங்கியது. மளிகை, மருந்து, காய்கறி, பிறகு செல்போன் என்று சேர்த்துக்கொண்டே போய், 2008இல் நாடு முழுவதும் சுமார் 1,600 கடைகள் ஆயின. அச்சிட்ட விலைக்குக் குறைத்து விற்றார்கள். அந்நாட்களில் நாம் எத்தனை பேர் தூக்கம் கெட்டுக் கிடந்தோம்! 2009 தொடக்கத்தில் எல்லாம் மூடின. கடனை நம்பிக் கிளைமேல் கிளை திறந்திருந்தார்கள். புதுப் பணம் வருவது நின்றதும் சம்பளம் நின்றது, வாடகை நின்றது, சரக்குக் கொடுத்தவர்களுக்கும் பாக்கி விழுந்தது.

அன்று நாம் என்ன செய்தோம்? மகிழ்ந்தோம். "பெரியவன் விழுந்தான்" என்று டீக்கடையில் நின்று பேசினோம். எப்படி விழுந்தான் என்று ஒருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவில்லை. இன்று பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் சரக்கு இறக்கும் கம்பெனிகளைப் பற்றியும் அதே பேச்சுத்தான்.

இதை எழுதும் நாமும் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து இரண்டாவது கடை போட்டவர்தாம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இடம் காலி என்று கேள்விப்பட்ட அன்றே அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. முதல் கடையின் கல்லா நிறைந்திருந்தது, அதுதான் தைரியம். ஆனால் அந்தப் பணத்தில் எண்ணெய் மண்டிக்குப் பதினைந்து நாள் பாக்கி இருந்தது. பருப்புக்கும் பாக்கி. நூற்றுக்குப் பத்து லாபம் என்று வைத்தாலும் 20,000 ரூபாய் விற்பனையில் நமக்கு நிற்பது 2,000. அதிலும் வாடகை, கரண்ட், ஆள் சம்பளம் போக வேண்டும். இது தெரியாதா? முப்பது வருடமாகப் பேரேடு எழுதுகிற கை. கழித்துப் பார்த்தால் ஆசை கெட்டுவிடும் என்றுதான் பார்க்கவில்லை. வீட்டில் சொன்னார்கள்: "ஒரு கடைக்கே மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு." அதையும் கேட்கவில்லை.

பதினான்கு மாதத்தில் பூட்டினோம். அந்த நஷ்டம்கூடப் பெரிதில்லை. இங்கிருந்த பணத்தை அங்கே போட்டதில் முதல் கடைத் தட்டுகள் காலியாயின. உளுந்து இல்லை, துவரை இல்லை என்று இரண்டு முறை சொன்னால் மூன்றாம் முறை வாடிக்கைக்காரர் வருவதில்லை. அப்பா காலத்திலிருந்து வந்த குடும்பங்கள் எதிர்க்கடைக்குப் போயின. நகையைத் திருப்ப நான்கு வருடம் ஆனது. அந்தக் குடும்பங்களில் பாதி இன்னும் திரும்பவில்லை.

ஆசைப்படுவது தவறு என்று சொல்ல வரவில்லை. சைக்கிளில் உப்பு மூட்டை வைத்துத் தெருத்தெருவாக விற்றவர்கள் ஆசைப்பட்டதால்தான் இன்று மொத்த வியாபாரிகளாக இருக்கிறார்கள். நாம் கேட்பது ஒன்றே: ஆண்டுப் பொதுக்குழுவில் அரை மணி நேரம் ஒதுக்கி, கடையை மூடியவர்களைப் பேச வைக்க வேண்டும். இரண்டாவது கடைக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள் முன்வரிசையில் உட்காரட்டும். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

முதல் ஆளாக நாமே பேசுகிறோம். பேரேட்டையும் கொண்டு வருகிறோம். எண்ணெய் மண்டிக்குக் கடைசித் தவணை கட்டிய தேதி அதில் சிவப்பு மையில் இருக்கிறது.