கத்தியால் மூன்று கீறல், இரும்புத் தூணால் அடி... ரெபின் ஓவியத்தில் இருக்கும் அந்த முகம் யாருடையது?

சிவப்புக் கம்பளம் சுருண்டு கிடக்கிறது. நாற்காலி கவிழ்ந்து கிடக்கிறது. கறுப்பு அங்கி அணிந்த கிழவர் ஒருவர், இளஞ்சிவப்பு உடையில் இருக்கும் ஓர் இளைஞரை இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு கை இடுப்பைச் சுற்றியிருக்கிறது. இன்னொரு கை நெற்றிப்பொட்டில் வழியும் ரத்தத்தை அடைக்கப் பார்க்கிறது. விரல்களுக்கு நடுவே ரத்தம் கசிகிறது. அடித்த கைத்தடி பக்கத்திலேயே கிடக்கிறது. கிழவரின் கண்கள் இரண்டும் பிதுங்கி வெளியே வந்துவிடும்போல இருக்கின்றன. இளைஞரின் முகத்தில் கோபம் இல்லை. கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர், அவ்வளவுதான்.

மாஸ்கோவின் ட்ரெட்யாகோவ் கேலரிக்குச் சொந்தமான இந்த ஓவியத்தின் பெயர், ‘இவான் தி டெரிபிளும் அவர் மகன் இவானும், 1581 நவம்பர் 16’. வரைந்தவர் இலியா ரெபின். ஏறக்குறைய ஆறரை அடி உயரம், எட்டேகால் அடி அகலம். மொபைல் திரையில் பார்த்தாலே ஒரு நிமிடம் மனதைப் பிசையும். நேரில் பார்த்தவர்களில் இரண்டு பேர் இதைத் தாக்கியே விட்டார்கள். 1913-ல் ஒருவர், 2018-ல் இன்னொருவர்.

அவர்கள் தாக்கியது ஓர் இளவரசரின் ஓவியத்தை. ஆனால், அந்த இளவரசருக்கு முகம் கொடுத்தவரின் கதை அவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

முதலில் 1581-ல் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம். ரஷ்யாவின் ஜார் மன்னர் நான்காம் இவான், வரலாற்றில் இவான் தி டெரிபிள். அவருடைய மூத்த மகன் பெயரும் இவான்தான், வயது 27. சில மாதங்கள் கழித்து மாஸ்கோவுக்கு வந்த போப்பாண்டவரின் தூதர் அந்தோனியோ பொஸ்ஸெவினோ, தான் கேள்விப்பட்டதை எழுதிவைத்திருக்கிறார். கர்ப்பிணியான மருமகள் சரியாக உடை உடுத்தவில்லை என்று மாமனார் கை நீட்டிவிட்டார். மனைவிக்காகத் தடுக்க ஓடிவந்த மகன் மீது கைத்தடி இறங்கியது. சில நாள்களில் மகன் இறந்தார், குழந்தையும் கருவிலேயே போனது. வேறு விதமாகச் சொல்பவர்களும் உண்டு. 1963-ல் கிரெம்ளினில் கல்லறையைத் திறந்து விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது, இளவரசரின் மண்டையோடு மட்கிப்போயிருந்ததால் அடி விழுந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

எப்படியோ, வாரிசு போனார். அடுத்து அரியணை ஏறிய தம்பிக்கும் வாரிசு இல்லை. 1598-ல் அந்த வம்சமே முடிந்து, நாடு பல வருடக் குழப்பத்தில் மூழ்கியது.

300 வருடப் பழைய கதையை ரெபின் ஏன் கையிலெடுத்தார்? காரணம், அவர் கண்முன்னே ஓடிக்கொண்டிருந்த ரத்தம். 1881 மார்ச் 1-ம் தேதி, ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் குண்டுவீச்சில் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே அதற்காக ஐந்து பேர் தூக்கிலிடப்பட்டார்கள், அதில் ஒரு பெண்ணும் உண்டு. அவர்கள் கொன்றார்கள், இவர்கள் கொன்றார்கள். அந்த வருடம் முழுக்க ரத்த வாடை அடித்தது என்கிற மாதிரிதான் ரெபின் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அதே வருடம் மாஸ்கோவில் ரிம்ஸ்கி கோர்சகோவின் இசையைக் கேட்டார். பழிவாங்கும் வெறியைச் சொல்லும் இசை அது. இதை ஓவியத்தில் கொண்டுவர முடியுமா என்ற எண்ணம் அங்கே விழுந்தது. 1883-ல் ஸ்பெயினில் பார்த்த காளைச் சண்டை மிச்சத்தையும் செய்தது.

வரைந்த காலத்தில் அவர் நிம்மதியாக இல்லை. கேன்வாஸைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைப்பார். யாருக்கும் காட்டமாட்டார். ஆனாலும், மீண்டும் அதன் முன்னால் போய் நிற்பார்.

மன்னரின் முகத்துக்கு சக ஓவியர் மியாசயேதோவும், இசையமைப்பாளர் பிளாரம்பெர்க்கும் மாடல்கள். இளவரசருக்கு ஓவியர் மென்க் என்பவரையும் பார்த்து வரைந்தார். ஆனால், அந்த முகத்தின் உயிர் எழுத்தாளர் வ்செவலோத் கார்ஷினிடமிருந்து வந்தது. கார்ஷின் முகத்தில் இருந்த ‘இவர் நெடுநாள் இருக்கமாட்டார்’ என்ற ஏதோ ஒன்று தன்னை உலுக்கியதாக ரெபின் சொல்லியிருக்கிறார்.

யார் இந்த கார்ஷின்?

1877-ல் ரஷ்யா - துருக்கி போருக்குத் தானாகப் போய்ச் சேர்ந்து, காலில் குண்டடி பட்டுத் திரும்பியவர். அதே வருடம் ‘நான்கு நாள்கள்’ என்ற சிறுகதை எழுதினார். காயம்பட்ட சிப்பாய் ஒருவன், தான் கொன்றவனின் பிணத்துக்குப் பக்கத்திலேயே நான்கு நாள்கள் நகர முடியாமல் கிடக்கும் கதை. ஒரே கதையில் நாடறிந்த எழுத்தாளர் ஆனார்.

1880 பிப்ரவரியில் நடந்ததுதான் அவரைப் புரியவைக்கும். லோரிஸ் மெலிகோவ் என்ற சர்வ அதிகாரம் கொண்ட உயர் அதிகாரியை, மிலதெத்ஸ்கி என்ற இளைஞர் சுட்டார். குறி தவறியது. இரண்டே நாளில் தூக்கு என்று முடிவானது. அன்று இரவு கார்ஷின் நேராக அந்த அதிகாரியின் வீட்டுக்கே போனார். அப்போது அவருக்கு வயது 25. உங்களைச் சுட்டவனை நீங்களே மன்னியுங்கள், இந்தக் கொலைச் சங்கிலியை நீங்கள் நிறுத்துங்கள் என்று அழுது கெஞ்சினார். சுடப்பட்டவரிடமே போய், சுட்டவனுக்காகக் கெஞ்ச எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! பலன் இல்லை. மிலதெத்ஸ்கி தூக்கிலிடப்பட்டார். அதற்குப் பிறகு கார்ஷினுக்கு மனநலம் மோசமாகி, நீண்ட காலம் சிகிச்சையில் இருந்தார்.

அடித்தவரின் கைகளில் மன்னித்தபடியே சாகிற ஒரு மகனுக்கு, ரெபின் தேர்ந்தெடுத்தது இந்த முகத்தைத்தான்.

ஓவியம் 1885-ல் பீட்டர்ஸ்பர்க் கண்காட்சிக்கு வந்தது. கூட்டம் அலைமோதியது. பார்த்து மயங்கி விழுந்த பெண்களைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். ஆனால், அரண்மனைக்கு இது பிடிக்கவில்லை. தேவாலய நிர்வாகத்தின் தலைமை அதிகாரி பொபெதோனோஸ்ட்செவ், அருவருப்பான படம் என்று மன்னருக்குக் கடிதம் எழுதினார். அப்போதைய மன்னர் மூன்றாம் அலெக்சாண்டர், நான்கு வருடங்களுக்கு முன்பு குண்டுவீச்சில் அப்பாவை இழந்தவர். ஜார் மன்னர் ஒருவரின் கையில் சொந்த மகனின் ரத்தம் வழிவதை ஊரே டிக்கெட் வாங்கிப் பார்ப்பதை அவர் எப்படிப் பொறுத்துக்கொள்வார்? ஓவியத்தைக் காட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. ரஷ்யப் பேரரசில் தடை செய்யப்பட்ட முதல் ஓவியம் என்று இதைச் சொல்வார்கள். ஓவியத்தை வாங்கியிருந்த ஜவுளி வியாபாரி பாவெல் ட்ரெட்யாகோவிடம், யாருக்கும் காட்டமாட்டேன் என்று எழுதி வாங்கப்பட்டது. அரண்மனையில் செல்வாக்குள்ள ஓவியர் பகலியூபவ் பரிந்து பேச, மூன்று மாதத்தில் தடை விலகியது.

கார்ஷினுக்குக் காலம் அதிகம் இல்லை. 1888-ல், 33 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

“போதும் ரத்தம்!”

25 வருடங்கள் ஓடின. 1913 ஜனவரி 16, அன்றைய ரஷ்ய நாள்காட்டிப்படி. ஆப்ரம் பாலஷோவ் என்ற 29 வயது இளைஞர் கேலரிக்குள் வந்தார். தேவாலயங்களுக்குப் புனிதர் படங்கள் வரைபவர். “போதும் ரத்தம்!” என்று கத்திக்கொண்டே, கத்தியால் மூன்று முறை கீறினார். மூன்று கீறல்களும் அப்பா, மகன் முகங்களின் வழியாகப் பாய்ந்தன. அவர் மனநலம் பாதிக்கப்பட்டவர் என்று தெரியவந்து, மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்.

கார்ஷின் அந்த இரவில் அதிகாரியிடம் கெஞ்சியதும் இதையேதான். அதே வார்த்தையைக் கத்திக்கொண்டு ஒருவர் கார்ஷினின் முகத்தையே கிழித்தார்.

பாதிப்பு ஓவியத்தோடு நிற்கவில்லை. கேலரியின் காப்பாளர் க்ருஸ்லோவ், தன் பொறுப்பில் இருந்த ஓவியத்துக்கு இப்படி ஆகிவிட்டதே என்று மனமுடைந்து, ரயில் முன் விழுந்து இறந்தார். ஓவியத்தின் கதையைச் சொல்லும்போது பலரும் இவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

68 வயது ரெபின் மாஸ்கோவுக்கு விரைந்தார். கிழிந்த கேன்வாஸ் புதிய துணியில் ஒட்டப்பட்டிருந்தது. தன் பழைய ஓவியத்துக்கு முன்னால் தூரிகையோடு நின்றவர், மன்னரின் தலையைத் திரும்ப வரைந்துவிட்டுக் கிளம்பினார். கேலரியின் பொறுப்பாளரான ஓவியர் இகோர் கிராபர் அப்போது ஊரில் இல்லை. வந்து பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தலை மட்டும் ஊதா சாயலில் தனியாக நின்றது! 28 வருடங்களில் ரெபினின் கண்ணும் கையும் மாறியிருந்தன. 1885-ன் ரெபின் கண்ட நிறம் 1913-ன் ரெபினிடம் இல்லை.

கிராபர் துணிந்து ஒரு முடிவெடுத்தார். பெயின்ட் காய்வதற்குள், மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால் மேதை ரெபின் வரைந்ததைத் துடைத்தெடுத்தார்! பிறகு பகஸ்லோவ்ஸ்கி என்ற சீரமைப்பு நிபுணர், கீறல் விழுந்த இடங்களில் மட்டும் வாட்டர்கலரால் நிரப்பி வார்னிஷ் பூசினார். வரைந்தவரின் கையிலிருந்தே ஓவியத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. கிராபர் செய்தது சரியா? அந்த ஊதாத் தலையோடு ஓவியம் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால், சரி என்றே தோன்றுகிறது.

இதற்கிடையே, தாக்கியவரை விட்டுவிட்டு வரைந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்களும் இருந்தார்கள். கவிஞர் வலோஷின் மாஸ்கோவில் ஒரு கூட்டமே போட்டு, இவ்வளவு ரத்தத்தைக் காட்டினால் பார்ப்பவனுக்கு வெறி வராதா என்று பேசினார். பார்வையாளர்கள் வரிசையில் ரெபினும் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் இதில் வேடிக்கை.

அடுத்த தாக்குதலுக்குக் காரணமே வேறு. இவான் மகனைக் கொல்லவே இல்லை, அது வெளிநாட்டார் கட்டிவிட்ட கதை என்ற பேச்சு ரஷ்யாவில் சமீப வருடங்களில் வலுத்தது. 2013-ல், ஓவியத்தை எடுத்துவிடுங்கள் என்று ஒரு குழு கலாசார அமைச்சரிடம் மனு கொடுத்தது. கேலரி மறுத்தது. 2016-ல் ஓரியோல் நகரில் இவானுக்குச் சிலையும் வந்தது.

2018 மே 25, கேலரியை மூடும் நேரம். வரோனெஷ் நகரிலிருந்து வந்த 37 வயது நபர், கயிறு கட்டும் இரும்புத் தூணைத் தூக்கி ஓவியத்தின் மேல் அடித்தார். பாதுகாப்புக் கண்ணாடி நொறுங்கி, கேன்வாஸ் மூன்று இடங்களில் கிழிந்தது. வோட்கா குடித்திருந்தேன் என்று முதலில் சொன்னவர், பிறகு ஓவியம் பொய் சொல்கிறது என்றார். நீதிமன்றம் இரண்டரை வருடம் சிறைத்தண்டனை கொடுத்தது. சீரமைப்பு வேலை வருடக்கணக்கில் நீண்டது.

இந்த முறை கிழிந்தது இளவரசரின் உடல் பகுதி. முகங்களுக்கும் கைகளுக்கும் சேதம் இல்லை.

இளவரசராக இல்லாத கார்ஷினைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. 1884-ல், இதே காலகட்டத்தில், ரெபின் வரைந்ததுதான். மேஜை நிறைய காகிதங்கள். எழுதிக்கொண்டிருந்தவர் யாரோ கூப்பிட்டதுபோல நிமிர்ந்து பார்க்கிறார். அதே பெரிய கண்கள்.